நகர்ந்த வளைவு: பினாங்கு ஆய்வகம் ஒன்றில் மாஸ் மின்தேக்கிகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பினாங்குத் தீவில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் குறைகடத்தி ஆய்வகத்தில், முதுநிலை மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டுக்காக மாஸ் (உலோகம்-ஆக்சைடு-குறைகடத்தி) மின்தேக்கிகளைத் தயாரித்து அளந்தபோது எழுந்த சிக்கலையும், அது அவிழ்ந்த விதத்தையும் இக்கட்டுரை பதிவு செய்கிறது. இதில் தொடர்புடையவர்கள் நால்வர்: மாணவி, அவருடைய நெறியாளரான விரிவுரையாளர், அந்த ஆய்வகத்திலேயே பல ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் தொழில்நுட்பர், பயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பழுதாய்வுப் பிரிவில் இருந்துகொண்டு வெளி ஆலோசகனாக வந்துபோன நான்.

பயான் லெப்பாஸில் 1972-ஆம் ஆண்டு தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியது முதல், இந்தத் தீவில் குறைகடத்தித் தொழில் என்றால் பெரும்பாலும் சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதும்தான். ஆக்சைடு வளர்ப்பதும், வேற்றணுக்களைச் சேர்த்து மாசூட்டுவதும் வேறு இடங்களில் முடிந்து, வேஃபர்கள் எனப்படும் மெல்லிய சிலிக்கான் வட்டுகள் இங்கே வந்து சேரும். ஆகவே எங்களைப் போன்றவர்கள் மாஸ் மின்தேக்கியின் சி-வி வளைவை, அதாவது மின்னழுத்தத்துக்கு ஏற்ப மின்தேக்குத்திறன் மாறுவதைக் காட்டும் வரைபடத்தை, பட்டப்படிப்பில் பார்த்ததோடு சரி. ஆனால் சூட்டில் வைத்துச் சோதிக்கும்போது ஒரு டிரான்சிஸ்டரின் தொடக்க மின்னழுத்தம் மெல்ல நகர்ந்தால், அதன் அடியில் இருப்பது இந்த வளைவில் தெரியும் அதே மின்னூட்டங்கள்தான். நான் இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டதற்கு அதுவே காரணம்.

மாணவியின் மின்தேக்கி மிக எளிய அமைப்பு. போரான் மாசூட்டப்பட்ட பி வகைச் சிலிக்கான் வேஃபர். மாசூட்டல் அளவு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10¹⁵ அணுக்கள். அதன் மேல் 1000 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில், உலர்ந்த ஆக்சிஜனில் வளர்க்கப்பட்ட 100 நானோமீட்டர் சிலிக்கான் டை ஆக்சைடு. அதற்கும் மேலே, துளையிட்ட உலோகத் தகடு ஒன்றின் வழியே ஆவியாகப் படிய வைத்த, 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியப் புள்ளிகள். வேஃபரின் பின்புறத்து ஆக்சைடை நீக்கிவிட்டு அங்கும் அலுமினியம் படியவைக்கப்பட்டது. மேற்புள்ளியை ஒரு ஊசி தொடும்; பின்புறம் உலோகத் தட்டில் அமர்ந்திருக்கும். இடையில் டிசி மின்னழுத்தத்தை மெல்ல மாற்றிக்கொண்டே, அதன் மேல் 1 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட சிறு மாறுமின்னழுத்தம் ஒன்றையும் ஏற்றி, ஒவ்வொரு மின்னழுத்தத்திலும் மின்தேக்குத்திறன் எவ்வளவு என்று கருவி அளக்கும்.

எதிர்பார்த்த வளைவு

கேட்டுக்கு, அதாவது மேலுள்ள அலுமினியப் புள்ளிக்கு, எதிர் மின்னழுத்தம் கொடுத்தால், பி வகைச் சிலிக்கானில் ஏராளமாக உள்ள துளைகள் (நேர் மின்னூட்டம்போல் நகரும் எலக்ட்ரான் காலியிடங்கள்) ஆக்சைடின் அடியில் வந்து குவிகின்றன. அப்போது இரண்டு தகடுகளுக்கு நடுவே ஆக்சைடு மட்டுமே நிற்பதுபோல ஆகிவிடுவதால், மின்தேக்குத்திறன் உச்சத்தில் இருக்கும். ஆக்சைடின் சார்பு விடுதிறன் 3.9 என்று கொண்டால், மேற்சொன்ன அளவுகளுக்கு இது 271 பிகோஃபாரட் வர வேண்டும்.

மின்னழுத்தத்தை நேர்த் திசையில் உயர்த்தும்போது துளைகள் விலகிப் போகின்றன. அவை விட்டுச் சென்ற இடத்தில், நகர முடியாத போரான் அயனிகளின் எதிர் மின்னூட்டம் மட்டும் எஞ்சுகிறது. இதுவே இயக்கமில்லாப் பகுதி. இப்பகுதி அகல அகல, ஆக்சைடோடு தொடராக இன்னொரு மின்தேக்கி சேர்ந்துகொண்டே போவதால் மொத்த மதிப்பு இறங்குகிறது. ஒரு கட்டத்தில் பரப்பில் எலக்ட்ரான்கள் சேர்ந்து, ஆய்வகத்தார் இன்வெர்ஷன் என்று சொல்லும் மெல்லிய அடுக்கு உருவாகிறது. அதற்குப் பிறகு கேட்டில் கூடும் ஒவ்வொரு மின்னூட்டத்துக்கும் இந்த எலக்ட்ரான்களே ஈடு கொடுத்துவிடுவதால், இயக்கமில்லாப் பகுதி மேலும் அகல வேண்டிய தேவை இல்லை. இந்த வேஃபரில் அது 0.9 மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் நின்றுவிடும். 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு எலக்ட்ரான்கள் பிறந்து மறைந்து ஈடுகொடுக்க முடியாது. ஆகவே கருவி காட்டும் மதிப்பு 69 பிகோஃபாரட் அளவில் தட்டையாக ஓட வேண்டும்.

இந்தக் கணக்கு முழுவதும் மின்தேக்கி சமநிலையில் இருக்கிறது என்ற நிபந்தனையின் மேல் நிற்கிறது. பாடநூல் படத்தில் கிடைமட்ட அச்சில் மின்னழுத்தம் மட்டுமே இருக்கும், நேரம் இருக்காது. இந்த நிகழ்வின் முதற்பாதிச் சிக்கல் முழுதும் அதிலிருந்து வந்தது.

முதலில் தெரிந்தவை

மாணவி −5 வோல்ட்டிலிருந்து +5 வோல்ட் வரை ஏற்றி, அங்கிருந்து திரும்ப −5 வரை இறக்கினார். உச்ச மதிப்பு கணக்கோடு பொருந்தியது. ஆனால் ஏறும் வழியில் வளைவு 69-இல் நிற்கவே இல்லை. இறங்கிக்கொண்டே போய் +5 வோல்ட்டில் 41 பிகோஃபாரடைத் தொட்டது. திரும்பும் வழியில் வேறு பாதையில் வந்தது. இரண்டு பாதைகளுக்கும் நடுவே வலப்பக்கத்தில் ஓர் அகன்ற இடைவெளி.

இதே ஆய்வகத்தில் முந்தைய மாணவர் ஒருவர் எடுத்து வைத்திருந்த வளைவுகளில் இப்படி எதுவும் இல்லை. அளக்கும் நிரல் அவருடையதேதான். வினாடிக்கு அரை வோல்ட் என்ற வேகத்தில் ஒரு மாற்றமும் செய்யப்படவில்லை. மாறியிருந்தது வேஃபர் மட்டும்.

பின்னர் தயாரித்த இரண்டாம் தொகுதி வேஃபர்களில் வேறொன்றும் சேர்ந்துகொண்டது. அவற்றின் வளைவு முழுவதுமே இடப்பக்கம் தள்ளி நின்றது. சிலிக்கானின் பரப்பில் துளைகள் குவியவும் விலகவும் செய்யாத நிலைக்குரிய மின்னழுத்தத்தை ஃபிளாட்பேண்ட் என்பார்கள். முதல் தொகுதியில் −1.3 வோல்ட்டாக இருந்த ஃபிளாட்பேண்ட் மின்னழுத்தம், இரண்டாம் தொகுதியில் −1.9 ஆக இருந்தது. (இந்த மின்தேக்கியில் மதிப்பு 189 பிகோஃபாரடைக் கடக்கும் இடமே ஃபிளாட்பேண்ட் எனக் கொள்ளப்பட்டது.) அலுமினியத்துக்கும் இந்தச் சிலிக்கானுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாட்டால் மட்டும் வரக்கூடியது −0.8 முதல் −0.9 வோல்ட், அதற்கு மேல் எதிர்த் திசையில் வருவதெல்லாம் ஆக்சைடில் உள்ள நேர் மின்னூட்டத்தின் கணக்கு.

இரண்டு தோற்றங்களுக்கும் ஒரே காரணத்தைச் சொல்லிவிட அனைவருக்கும் ஆசை இருந்தது. விரிவுரையாளர், ஆக்சைடு வளர்க்கும் உலையான ஃபர்னஸின் குவார்ட்ஸ் குழாயில் சோடியம் ஏறிவிட்டது என்று கருதினார். அவருடைய திட்டம் வேஃபர்கள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு, குழாயைக் கழற்றி அமிலத்தில் சுத்தம் செய்வது. கடலுக்கு அருகில் இருக்கும் கட்டடம் என்பதால் உப்புக் காற்றைப் பற்றியும் பேச்சு வந்தது. தீவில் ஆய்வகம் வைத்திருப்பவர்களுக்கு இது எப்போதும் கைக்கு எட்டும் விளக்கம். ஆனால் வடிகட்டிய காற்றுக்குள் நடக்கும் வேலையில், அதே அறையில் தயாரான முதல் தொகுதி தள்ளாமல் இரண்டாம் தொகுதி மட்டும் தள்ளியதற்கு அது விடை சொல்லாது.

குழாயைக் கழற்றுவதைத் தள்ளிவைத்தது

நான் வளைவுகளை முதலில் பார்த்தபோது கேட்டுக்கொண்டது ஒன்றே: ஏறு பாதையும் இறங்கு பாதையும் எந்தப் பகுதியில் பிரிகின்றன, எந்தப் பகுதியில் ஒன்றாக ஓடுகின்றன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆக்சைடுக்குள் அயனிகள் நகர்ந்தாலோ, ஆக்சைடின் பொறிகளில் (மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் குறைபாடுகளில்) மின்னூட்டம் சிக்கினாலோ, வளைவின் செங்குத்தான நடுப்பகுதியும் சேர்ந்து இடம்பெயர வேண்டும்; ஏனெனில் அந்தப் பகுதியின் இருப்பிடத்தைத் தீர்மானிப்பதே ஆக்சைடு மின்னூட்டம். மாணவியின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, நடுப்பகுதியில் இரண்டு பாதைகளும் ஒன்றின் மேல் ஒன்றாகவே விழுந்திருந்தன. பிரிவு, எலக்ட்ரான்கள் சேர வேண்டிய வலப்பக்கத்தில் மட்டும்தான். இரு தொகுதிகளிலும் இதே நிலை.

ஆகவே வலப்பக்கத்து இடைவெளி ஆக்சைடின் குற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு என்று முடிவு செய்து, குழாய் வேலையைத் தள்ளிவைக்கும்படி விரிவுரையாளரைக் கேட்டுக்கொண்டோம். அவர் முழு மனத்தோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் குழாயைக் கழற்றினால் ஃபர்னஸைப் பயன்படுத்தும் மற்ற மாணவர்களின் வேலையும் நின்றுவிடும் என்பது தயக்கத்துக்கு ஒரு நியாயமான காரணமாக அமைந்தது.

இருட்டுப் பெட்டியின் மூடி

அடுத்த துப்பு தொழில்நுட்பரிடமிருந்து வந்தது. ஊசி நகர்ந்துவிட்டதோ என்று பார்ப்பதற்காக, +5 வோல்ட் நின்றுகொண்டிருக்கும்போதே அளவைப் பெட்டியின் மூடியை அவர் தூக்கினார். நுண்ணோக்கியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கருவியின் திரையில் 41 என்று நின்ற எண் சட்டென்று எழுபதைத் தாண்டியது. ஊசி சரியாக இருக்கிறது என்று சொல்லி மூடியைப் போட்டார். எண் 69-க்கு வந்தது, அங்கேயே நின்றது.

“அண்ணே, மூடியாச்சுதானே? பழைய நாப்பத்தொண்ணுக்கு இறங்க மாட்டேங்குதே” என்று மாணவி கேட்டார்.

“மூடியாச்சும்மா. வெளிச்சம் எங்கேயும் கசியல, நீயே வந்து பாரு” என்றார் அவர்.

இறங்காமல் நின்றதுதான் முக்கியம். வெளிச்சத்தால் மதிப்பு ஏறியது வியப்பில்லை. சிலிக்கானில் ஒளி விழுந்தால் எலக்ட்ரான்-துளை இணைகள் பிறக்கும் என்பது யாவரும் அறிந்தது. ஆனால் விளக்கு விலகிய பிறகும், மின்னழுத்தம் மாறாதபோது, மதிப்பு 41-க்குத் திரும்பவில்லை என்றால், 41 என்பது அந்த மின்னழுத்தத்துக்குரிய நிலையான மதிப்பே அல்ல. பிறந்திருக்க வேண்டிய எலக்ட்ரான்கள் இன்னும் பிறக்காத ஓர் இடைநிலையைத்தான் கருவி அதுவரை எழுதிவந்திருக்கிறது. ஒளி அந்தக் குறையை ஒரே கணத்தில் நிரப்பியது. நிரம்பிய பின் மின்தேக்கி தன் சமநிலையில் அமர்ந்துகொண்டது.

பி வகைச் சிலிக்கானில் துளைகள் ஏராளம். அவை கேட்டின் கட்டளைக்கு நொடியில் மிகச் சிறு பங்குக்குள் இடம் மாறிவிடும். எலக்ட்ரான்களோ எங்கிருந்தும் ஓடிவந்து சேர முடியாது. இருட்டில், இயக்கமில்லாப் பகுதிக்குள் இருக்கும் குறைபாடுகளின் வழியே, வெப்பத்தால் ஒவ்வொன்றாகப் பிறந்தாக வேண்டும். சிலிக்கான் எவ்வளவு தூய்மையோ அவ்வளவு மெதுவாக அது நடக்கும். மாசூட்டல் அளவை, மாசூட்டாத சிலிக்கானில் தாமாகவே இருக்கும் மின்னூட்ட ஊர்திகளின் அடர்த்தியால் வகுத்தால் இந்த வேஃபரில் ஏறத்தாழ ஒரு லட்சம் வரும். எலக்ட்ரான் பிறப்புக்கான ஆயுட்காலம் 100 மைக்ரோநொடி என்று வைத்துக்கொண்டாலும், இரண்டையும் பெருக்கினால் 10 நொடி. முழுதும் நிரம்ப அதைப்போல் பல மடங்கு நேரம் ஆகும். அதற்குள் மின்னழுத்தம் ஏறிவிட்டால், இயக்கமில்லாப் பகுதி தன் வரம்பைத் தாண்டி அகல்வதைத் தவிர வேறு வழியில்லை. 41 பிகோஃபாரட் என்பது 1.7 மைக்ரோமீட்டர் அகலத்தைக் குறிக்கிறது. சமநிலை அகலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இதனை ஆழ்ந்த இயக்கமில்லா நிலை என்பார்கள். இதை ஒரு கோளாறு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது: 1969-இல் பெல் ஆய்வகத்தில் பாய்லும் ஸ்மித்தும் உருவாக்கிய, 2009-இல் அவர்களுக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த சிசிடி ஒளியுணரி இயங்குவதே, இந்த நிலையில் காலியாக நிற்கும் மின்னழுத்தப் பள்ளத்தை ஒளியால் பிறக்கும் எலக்ட்ரான்கள் நிரப்புவதால்தான்.

உறுதி செய்த விதம்

ஊகத்தை ஊகமாக விடாமல் இரண்டு சோதனைகள் செய்யப்பட்டன. முதலாவது, மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றாமல் −5-இலிருந்து +5-க்கு ஒரே தாவலில் கொண்டுபோய், இருட்டில் அப்படியே நிறுத்திவைத்து, மின்தேக்குத்திறனை நேரத்தோடு பதிவு செய்வது. முதற்கணத்தில் மதிப்பு 30 பிகோஃபாரடுக்கு அருகே விழுந்தது. எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லாமல் இயக்கமில்லாப் பகுதி மட்டும் அகன்றால் என்ன வரும் என்று மாசூட்டல் அளவிலிருந்து கணக்கிட்டாலும் 28, 29 என்றுதான் வருகிறது. பிறகு அது மெல்ல ஏறி, ஒன்றரை நிமிடத்துக்குப் பின் 69-இல் தட்டையானது. இந்த நேர வளைவிலிருந்து ஆயுட்காலத்தைக் கணிக்கும் முறையை செர்ப்ஸ்ட் 1966-இலேயே தந்திருக்கிறார்.

இரண்டாவது, அதே −5 முதல் +5 வரையிலான ஓட்டத்தை வினாடிக்கு 0.02 வோல்ட் என்ற அளவுக்கு மெதுவாக்குவது. வளைவு வலப்பக்கத்தில் 69-க்குக் கீழே இறங்கிய பள்ளம் மறைந்துவிட்டது. நடுப்பகுதி மட்டும் வேகமான ஓட்டத்தில் இருந்த அதே இடத்தில் இருந்தது.

முந்தைய மாணவரின் வளைவுகளில் பள்ளம் இல்லாததற்கும் இப்போது விளக்கம் கிடைத்தது. அவர் பயன்படுத்தியவை பலமுறை சுத்தம் செய்து திரும்பத் திரும்ப எடுத்த பழைய பயிற்சி வேஃபர்கள். உலோக மாசு அவற்றில் அதிகம். ஆகவே எலக்ட்ரான்கள் விரைவாகப் பிறந்து, அரை வோல்ட் வேகத்துக்கும் ஈடுகொடுத்தன. மாணவியின் புதிய வேஃபர்கள் தூய்மையாக இருந்ததால்தான் பள்ளம் தோன்றியது. ‘கெட்டுப்போன’ வளைவு என்று ஒதுக்க இருந்தவை உண்மையில் அந்த ஆய்வகத்தின் சிறந்த வேஃபர்கள்.

இரண்டாம் தொகுதி: வேறொரு மின்னூட்டம்

வலப்பக்கத்துப் பள்ளம் விளங்கிவிட்டது என்பதற்காக, இரண்டாம் தொகுதியின் 0.6 வோல்ட் தள்ளலும் விளங்கிவிட்டது என்று ஆகாது. ஓட்டத்தை எவ்வளவு மெதுவாக்கினாலும் அந்தத் தள்ளல் மாறவில்லை. அறை வெப்பத்தில் அசையாத ஏதோ ஒன்று ஆக்சைடுக்குள் இருக்கிறது என்று பொருள்.

ஆக்சைடு மின்னூட்டங்களை டீல் 1980-இல் நான்காக வகுத்துப் பெயரிட்டார். அந்த வகுப்பே இன்றும் வழக்கில் உள்ளது. சிலிக்கானை ஒட்டி நிலையாக நிற்பவை, நகரும் அயனிகள், ஆக்சைடுக்குள் சிக்கியவை, சிலிக்கானும் ஆக்சைடும் சந்திக்கும் இடைமுகத்தின் பொறிகளில் தங்குபவை. அறை வெப்பத்தில் எடுத்த ஒற்றை வளைவைக் கொண்டு நிலையானதையும் நகரக்கூடியதையும் பிரிக்க முடியாது. சூடாக்கினால் பிரிக்கலாம். சோடியம் அயனி நேர் மின்னூட்டம் கொண்டது. 150, 200 டிகிரி வெப்பத்தில் அது ஆக்சைடுக்குள் எளிதாக நகரும். கேட்டுக்கு நேர் மின்னழுத்தம் கொடுத்தால் சிலிக்கான் பக்கம் தள்ளப்படும். அங்கே இருக்கும்போதுதான் வளைவை அதிகமாக நகர்த்தும். எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் உலோகத்தின் பக்கம் திரும்பும். அங்கே இருந்தால் வளைவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஃபேர்சைல்ட் குறைகடத்தி நிறுவனத்தில் ஸ்னோ, குரோவ், டீல், சா ஆகியோர் 1965-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தொடக்ககால மாஸ் டிரான்சிஸ்டர்களின் நிலையாமைக்குக் காரணம் கிடைத்ததும் அதன் வழியாகத்தான்.

சோதனை இப்படி நடத்தப்பட்டது. 200 டிகிரியில் +10 வோல்ட்டை, அதாவது ஆக்சைடில் சென்டிமீட்டருக்கு 10 லட்சம் வோல்ட் என்ற புலத்தை, 10 நிமிடம் வைத்திருந்து, மின்னழுத்தத்தை எடுக்காமலே ஆறவிட்டு அளந்தார்கள். பிறகு −10 வோல்ட்டில் அதே போல். ஆறும்போது மின்னழுத்தத்தை எடுத்துவிட்டால், சூடு அடங்குவதற்குள் அயனிகள் மீண்டும் பரவிவிடும். இந்த ஒரு படியில் அவசரப்பட்டு சோதனையைப் பயனற்றதாக்கியவர்களைத் தொழிற்சாலையில் பார்த்திருக்கிறேன்.

முதல் தொகுதியில் நேர், எதிர் இரண்டுக்கும் இடையே 0.05 வோல்ட்டுக்கும் குறைவான வேறுபாடு. இரண்டாம் தொகுதியில் நேர் அழுத்தத்துக்குப் பின் −3.2 வோல்ட், எதிர் அழுத்தத்துக்குப் பின் −1.8 வோல்ட். வேறுபாடு 1.4 வோல்ட்; அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3×10¹¹ நகரும் அயனிகள். விரிவுரையாளர் சோடியம் என்று சொன்னது இந்தத் தொகுதியைப் பொறுத்தவரை சரிதான். அது எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் கேள்வி நின்றது.

வேஃபரை இரண்டாக வெட்டியது

சோடியம் ஏறக்கூடிய இடங்கள் பல: ஃபர்னஸ் குழாய், குழாய்க்குள் வேஃபரைத் தாங்கும் படகு, கழுவும் நீர், வியர்த்த கை, அலுமினியம் படியவைக்கும் இயந்திரம். பினாங்கின் ஈரக் காற்றில் கையுறைக்குள் விரல் எப்போதும் நனைந்தே இருக்கும் என்பதால் கையையும் விட்டுவிட முடியவில்லை. ஒவ்வொன்றாகச் சோதிப்பதற்குப் பதில், ஒரே கேள்வியில் பட்டியலைப் பாதியாக்கும் வழியைத் தேடினோம். ஆக்சைடு வளர்த்து முடித்த ஒரே வேஃபரை வைர முனையால் கீறி இரண்டாக உடைத்து, ஒரு பாதியில் ஆய்வகத்தின் வழக்கமான முறைப்படி டங்ஸ்டன் இழையைச் சூடாக்கி அலுமினியம் படியவைப்பது. மறுபாதியை வேறொரு கல்வி நிறுவனத்துக்கு அனுப்பி எலக்ட்ரான் கற்றையால் படியவைப்பது. ஃபர்னஸ், கழுவல், கையாளுதல் எல்லாம் இரு பாதிகளுக்கும் பொது. வேறுபடுவது உலோகம் படிந்த விதம் ஒன்றுதான்.

டங்ஸ்டன் இழையைச் சந்தேகிக்கக் காரணமும் இருந்தது. ஆய்வகக் குறிப்பேட்டில், இரண்டாம் தொகுதிக்குச் சற்று முன்புதான் புதிய இழைச் சுருள் பொதி ஒன்று பிரிக்கப்பட்டதாகத் தொழில்நுட்பரின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. டங்ஸ்டன் இழைகளில் கார உலோக மாசு எஞ்சியிருப்பதும், சூடாகும்போது அது அலுமினியத்துக்கு முன்பே ஆவியாகி ஆக்சைடின் மேல் விழுவதும் இத்துறையில் பழைய செய்தி. 1960-களில் எலக்ட்ரான் கற்றைக்குப் பலர் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

டங்ஸ்டன் பாதியில் நகர்வு 1.3 வோல்ட். மறுபாதியில் 0.1 வோல்ட். ஃபர்னஸ் குழாய் கழற்றப்படவில்லை.

மாற்றத்தின் விலை

எலக்ட்ரான் கற்றைக்கு மாறியதால் எல்லாம் நேராகிவிடவில்லை. கற்றை உலோகத்தைத் தாக்கும்போது எக்ஸ் கதிர்கள் எழுகின்றன; அவை ஆக்சைடுக்குள் நேர் மின்னூட்டத்தைச் சிக்கவைத்து, இடைமுகத்தில் புதிய பொறிகளையும் உண்டாக்குகின்றன. அந்த மறுபாதியின் முதல் வளைவு இடப்பக்கம் தள்ளியதோடு, செங்குத்தாக இருக்க வேண்டிய நடுப்பகுதி படுத்து நீண்டும் இருந்தது. பொறிகளில் தங்கும் மின்னூட்டம் மின்னழுத்தத்தோடு சேர்ந்து மாறுவதால் வரும் நீட்சி அது. டெர்மன் 1962-இல் தந்த முறை இந்த நீட்சியிலிருந்துதான் பொறிகளை எண்ணுகிறது. ஹைட்ரஜன் சிறு விழுக்காடு கலந்த நைட்ரஜனில், 450 டிகிரியில் அரைமணி நேரம் பதப்படுத்திய பிறகு நடுப்பகுதி நிமிர்ந்து, ஃபிளாட்பேண்ட் −1.1 வோல்ட்டுக்கு வந்தது. மேலே சொன்ன 0.1 வோல்ட் நகர்வு இந்தப் பதப்படுத்தலுக்குப் பிறகு எடுத்த கணக்கு. டங்ஸ்டன் பாதிக்கும் இதே பதப்படுத்தல் செய்யப்பட்டது. நகரும் சோடியத்தை அது குறைக்கவில்லை. இரண்டு பாதிகளையும் ஒரே வெப்பச் சரித்திரத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்தோம்.

எதிர் அழுத்தச் சோதனை குறித்து ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. சூட்டில் எதிர் மின்னழுத்தத்தை நீண்ட நேரம் வைத்தால் இடைமுகப் பொறிகளும் நிலையான மின்னூட்டமும் தாமாகவே கூடும். அதனால், இரண்டு வளைவுகளின் வேறுபாட்டை அப்படியே சோடியத்தின் கணக்கில் எழுதுவதற்கு முன், அவற்றின் சரிவு மாறாமல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இங்கே சரிவு மாறவில்லை.

ஆய்வகத்தில் மாறியவை, இனி மாற வேண்டியவை

அளக்கும் நிரல் திருத்தப்பட்டது. இப்போது அது முதலில் +5 வோல்ட்டில் நிற்கும்; பெட்டிக்குள் பொருத்திய சிறு விளக்கு சிறிது நேரம் எரிந்து எலக்ட்ரான் அடுக்கை நிரப்பி அணையும்; மதிப்பு தட்டையான பிறகே எதிர்த் திசையில் ஓட்டம் தொடங்கும். நிரம்பிய நிலையிலிருந்து குவிவை நோக்கிப் போகும்போது பிறப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், நியாயமான வேகத்திலும் வளைவு நம்பத்தக்கதாக இருக்கும். ஓட்டத்தின் வேகமும் திசையும் நின்ற நேரமும் வரைபடத்திலேயே அச்சாகின்றன. இவை அச்சாகாத வரைபடத்தில் விரிவுரையாளர் இப்போது கையெழுத்திடுவதில்லை. அவருடைய இந்தக் கண்டிப்பு நிரலைத் திருத்தியதைவிடப் பயனுள்ளது என்பது என் எண்ணம்.

சோதனை வரிசையும் மாறும். அறை வெப்பத்தில் வேகத்தை மாற்றிப் பார்த்து, எது எலக்ட்ரான்களின் தாமதம் என்று பிரித்த பிறகே சூட்டுச் சோதனைக்குப் போக வேண்டும். இந்த நிகழ்வில் இரண்டாம் தொகுதியை முதலில் சூடாக்கியிருந்தால், சோடியம் அகப்பட்டிருக்கும்; வலப்பக்கத்துப் பள்ளமும் அதன் கணக்கில் சேர்ந்து, முதல் தொகுதி வேஃபர்களும் குப்பைக்குப் போயிருக்கும்.

இன்னும் செய்யாதவை இரண்டு. மிக மெதுவான ஓட்டத்தில் கேட்டில் பாயும் நுண்ணிய மின்னோட்டத்தை அளந்து குறை அதிர்வெண் வளைவைப் பெறும் வசதி அந்த ஆய்வகத்தில் இல்லை. அது வரும்வரை இடைமுகப் பொறிகளின் எண்ணிக்கை தோராயமாகவே இருக்கும். டங்ஸ்டன் இயந்திரம் இப்போது வேஃபரின் பின்புறத்துக்கு மட்டும் பயன்படுகிறது. இழையை அலுமினியம் இல்லாமல் வெற்றிடத்தில் வெண்சூடாக எரித்துவிட்டுப் பிறகு பயன்படுத்தினால் சோடியம் எவ்வளவு குறையும் என்று, அதே பொதியில் மீதமுள்ள சுருள்களை வைத்துப் பார்க்கலாம் என்று தொழில்நுட்பர் சொல்லியிருக்கிறார். வெட்டிய வேஃபரின் முறையிலேயே, அடுத்த தொகுதியில் அது சோதிக்கப்படும்.